ஓடுவதற்கு முன்பா, ஓடிய பின்பா? உடற்கல்வி வகுப்பில் தசைநீட்சிக்கு உரிய நேரம்



கால் எலும்பு முறிவு கூடி மாவுக்கட்டுப் பிரித்த பிள்ளையையும், தொடைத் தசை கிழிந்து ஆறிய பிள்ளையையும் மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் வேளையில், எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “விளையாட்டு வகுப்பில் கலந்துகொள்ளலாமா?” என்பதே அது. கலந்துகொள்ளலாம் என்று நாங்கள் கூறியதும் அடுத்த கேள்வி எழும். “அப்படியானால், விளையாடத் தொடங்கும் முன் கைகால்களை நன்றாக நீட்டி இழுத்துவிடச் சொல்லட்டுமா?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நீண்ட காலமாக நம்மிடையே நிலவிவரும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மைதானத்தில் வரிசையாக நின்று, குனிந்து கால்விரலைத் தொட்டு, எண்ணிக்கை சொல்லித் தசைகளை இழுத்துவிட்டால் அடிபடாது என்பதே அந்த நம்பிக்கை. இதில் ஒரு பாதி உண்மை. மற்றொரு பாதியைக் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள் மாற்றி எழுதியுள்ளன. காயம் ஆறி மைதானத்துக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஆகவே இவ்விதழில் அதனை விரிவாக விளக்க விரும்புகிறோம்.

விடையை முதலிலேயே சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். வகுப்பின் தொடக்கத்தில் உடலைச் சூடேற்றும் இயக்கமும், அசைந்துகொண்டே செய்யும் நீட்சியும் வேண்டும். ஓரிடத்தில் நின்று, இழுத்த நிலையிலேயே பிடித்திருக்கும் நீட்சி வகுப்பின் முடிவில், உடல் சூடாக இருக்கும்போது வேண்டும். குளிர்ந்த தசையை வகுப்பின் முதல் நிமிடத்திலேயே வலிய இழுப்பதால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது.

இருவகை நீட்சிகள்

தசைநீட்சி என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு பயிற்சிகளைக் குறிக்கிறோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

முதலாவது, நிலைத்த நீட்சி. குதிகாலை ஒரு படியின்மேல் வைத்து முன்புறம் சாய்ந்து, பின்தொடை இழுபடுவதை உணர்ந்ததும் அந்நிலையிலேயே 15 முதல் 30 வினாடி வரை அசையாமல் இருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. தசையின் நீளும் திறனை நாளடைவில் கூட்டுவதற்கு இது நல்ல வழி.

இரண்டாவது, அசைவு நீட்சி. நடந்துகொண்டே முழங்காலை மார்பு வரை உயர்த்துதல், காலை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் வீசுதல், கைகளை வட்டமாகச் சுழற்றுதல், நீண்ட அடி எடுத்து வைத்து இடுப்பைத் தாழ்த்தி எழுதல் ஆகியன இவ்வகை. இங்கே மூட்டு தன் முழு வீச்சுக்கும் சென்று திரும்புகிறது. எந்த நிலையிலும் நெடுநேரம் நிற்பதில்லை.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது பழக்கம் ஒன்றும் நம் மைதானங்களில் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து, கை தரையைத் தொடும் வரை வெடுக்கு வெடுக்கெனத் துள்ளுவது அது. தசைக்குள்ளே அதன் நீளத்தைக் கண்காணிக்கும் நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசை திடீரென நீட்டப்பட்டால் அவை உடனே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும். நீட்ட முயலும் அதே நொடியில் தசை சுருங்கப் பார்ப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சூடேறாத உடலில் இவ்வாறு துள்ளுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

குளிர்ந்த தசையும் சூடான தசையும்

பள்ளி மாணவர் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு, மூன்று பாடவேளைகள் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். முழங்கால் மடங்கியே இருக்கிறது; இடுப்பு மடங்கியே இருக்கிறது; முதுகு வளைந்திருக்கிறது. மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடிவருகிறார். அந்த நேரத்தில் அவருடைய கால் தசைகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் ஓய்வு நிலைக்குரிய அளவில்தான் இருக்கும்.

ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்தோ மெதுவாக ஓடியோ வந்தால் நிலைமை மாறுகிறது. இதயத் துடிப்பு உயர்கிறது. இயங்கும் தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. தசையின் வெப்பநிலை ஏறுகிறது. சூடான தசையும் தசைநாணும் எளிதாக நீளும். நரம்புச் செய்தி விரைவாகச் செல்லும். மூட்டுகளுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம் நன்கு பரவும். இவையெல்லாம் ஓட்டத்தால் விளைபவை. அசையாமல் நின்று காலை இழுத்துப் பிடித்திருப்பதால் உடல் சூடேறுவதில்லை.

நம் ஊர் வெயிலில் உடல் தானே சூடாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. வெயிலால் தோல் சுடும், வியர்க்கும். ஆயினும் தசைகள் வேலைக்கு ஆயத்தமாவது இயக்கத்தினால்தான். வெயில் காலத்தில் இந்தத் தொடக்கப் பயிற்சியின் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, அறவே விட்டுவிடக் கூடாது.

ஆய்வுகள் கூறுவன

விளையாடும் முன் நிலைத்த நீட்சி செய்தால் காயம் குறையுமா என்பதை ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களைக் கொண்டு ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இரு பிரிவினரும் 12 வாரப் பயிற்சிக் காலத்தில் உடலைச் சூடேற்றும் பயிற்சியைச் செய்தனர். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக, ஆறு கால் தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக 20 வினாடி நீட்டிப் பிடித்தனர். பயிற்சிக் காலத்தில் ஏற்பட்ட கால் காயங்களில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மறுநாள் வரும் உடல்வலியைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, விளையாடும் முன் நீட்டினாலும் பின் நீட்டினாலும் மறுநாள் வலி குறைவது மிக அற்பமே. நூறு புள்ளிகள் கொண்ட வலி அளவுகோலில் அது ஏறத்தாழ ஒரு புள்ளி அல்லது அதற்கும் குறைவு. ஆகவே, “நேற்று நீட்டாததால்தான் இன்று கால் வலிக்கிறது” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பழக்கமில்லாத வேலையைத் தசை செய்தால் ஓரிரு நாள் வலி இருக்கும், தானே தணியும்.

நிலைத்த நீட்சி தசையின் வலிமையை உடனடியாகச் சற்றுக் குறைக்கிறது என்பதும் தெரியவந்துள்ளது. கனடாவின் டேவிட் பெம் முதலிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட தொகுப்பில், ஒரு தசையை 60 வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டிப் பிடித்தபின் உடனே சோதித்தால் செயல்திறன் சராசரியாக 4.6 சதவீதம் குறைந்தது. 60 வினாடிக்குக் குறைவாகப் பிடித்தபோது குறைவு 1.1 சதவீதமே. அசைவு நீட்சிக்குப்பின் செயல்திறன் சிறிதளவு கூடியது. இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். சூடேறிய பிறகு சில வினாடிகள் காலை நீட்டிப் பிடிப்பதால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வராது. அது தீங்கு என்று நாங்கள் கூறவில்லை. கவசம் என்று எண்ணி ஏமாற வேண்டாம் என்றே கூறுகிறோம்.

எனில், கவசம் எது? கால்பந்து வீரர்களுக்காக 2006-இல் உருவாக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+’ என்னும் தொடக்கப் பயிற்சித் திட்டம் ஒரு நல்ல விடை தருகிறது. மெல்லோட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, தொடை மற்றும் வயிற்றுத் தசைகளுக்கு வலுவூட்டல், குதித்து முறையாகத் தரையிறங்குதல், திசை மாற்றி ஓடுதல் ஆகியவற்றைக் கொண்ட சுமார் 20 நிமிடப் பயிற்சி இது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. இதனைக் கடைப்பிடித்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பின்னர் 7 முதல் 13 வயதுச் சிறுவர் சிறுமியருக்காக உருவான எளிய வடிவமும் ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதிக்கப்பட்டு, காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இயக்கம், சமநிலை, வலிமை இவை மூன்றுமே பிள்ளைகளைக் காக்கின்றன.

45 நிமிட வகுப்பை எவ்வாறு பிரிக்கலாம்?

ஒரு பாடவேளை பெரும்பாலும் 40 அல்லது 45 நிமிடம்தான். அதில் வரிசையில் நிற்கவும் வருகைப் பதிவுக்கும் சில நிமிடங்கள் போய்விடும். எஞ்சிய நேரத்தில் பத்து நிமிடத்தை அசையாமல் நிற்கும் நீட்சிக்குச் செலவிட்டால், உடலைச் சூடேற்றவும் விளையாடவும் நேரம் குறைந்துபோகும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்துள்ளது. பல பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு ஒன்றே ஓடியாடும் வாய்ப்பு. அதன் ஒவ்வொரு நிமிடமும் அருமையானது.

எங்கள் பரிந்துரை பின்வருமாறு:

முதல் 5 நிமிடம்: விறுவிறுப்பான நடையில் தொடங்கி மெல்லோட்டம். சிறு வகுப்பினருக்குத் தொட்டுப்பிடி விளையாட்டே போதும். பேச முடிகிற அளவு மூச்சு, இலேசான வியர்வை ஆகியவை சரியான அடையாளங்கள்.

அடுத்த 5 நிமிடம்: அசைவு நீட்சிகள். முழங்கால் உயர்த்தி நடத்தல், குதிகால் பின்புறத்தைத் தொட ஓடுதல், கால் வீசுதல், நீண்ட அடி எடுத்து இடுப்பைத் தாழ்த்தல், கை சுழற்றல், பக்கவாட்டில் அடிவைத்து நகர்தல், ஒற்றைக் காலில் நிற்றல். ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை. அன்றைய விளையாட்டுக்கு ஏற்பத் தெரிவு செய்வது நலம். கபடிக்கும் கோ-கோவிற்கும் திடீரெனக் குனிந்து திரும்பும் அசைவுகள் வேண்டும். கைப்பந்துக்குத் தோள்பட்டை அசைவுகள் வேண்டும். நீளம் தாண்டுதலுக்குத் தொடை, கணுக்கால் அசைவுகள் வேண்டும்.

அடுத்த 27 நிமிடம்: விளையாட்டு அல்லது தடகளப் பயிற்சி. ஓட்டப்பந்தயமாயின், முழு வேகத்துக்கு முன் பாதி வேகத்திலும் முக்கால் வேகத்திலும் ஓரிரு முறை ஓடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த 3 நிமிடம்: மெல்ல நடத்தல். வேகமாக ஓடியவர் சட்டென நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் வரலாம். நடை அதனைத் தவிர்க்கும்.

கடைசி 5 நிமிடம்: நிலைத்த நீட்சி. தசைகள் சூடாக இருப்பதால் எளிதாக நீளும். அதன் பயனும் நிலைக்கும்.

முடிவில் செய்ய வேண்டிய ஐந்து நீட்சிகள்

தரை சுடும் நாளில் மணலில் அமரச் சொல்வது முறையன்று. ஆகையால் மரநிழலிலோ வராந்தாவிலோ நின்றபடியே செய்யத்தக்கவற்றை இங்கே தருகிறோம். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் 20 வினாடி பிடிக்க வேண்டும். ஐந்தையும் முடிக்க நான்கு நிமிடம் போதும்.

கெண்டைக்கால்: சுவரிலோ மரத்திலோ கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்புறம் சாய வேண்டும்.

பின்தொடை: ஒரு குதிகாலைத் தாழ்வான படிமேல் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். கால்விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முன்தொடை: சுவரைப் பிடித்துக்கொண்டோ தோழரின் தோளைப் பற்றிக்கொண்டோ ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் கணுக்காலைப் பிடித்துக் குதிகாலைப் பின்புறம் கொண்டுவர வேண்டும். இரு முழங்கால்களும் அருகருகே இருக்கட்டும்.

இடுப்பின் முன்புறம்: நீண்ட அடி எடுத்து வைத்து, முன் முழங்காலை மடக்கி, பின்காலை நேராக வைத்து இடுப்பை முன்னே தள்ள வேண்டும். நெடுநேரம் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு இது மிகவும் தேவையானது.

தோள்பட்டை: ஒரு கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து மற்றக் கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும்.

நீட்டும்போது இழுபடும் உணர்வு இருக்கலாம். வலி இருக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. துள்ளக் கூடாது. ஒருவர் முதுகை மற்றொருவர் அழுத்தி, “இன்னும் கொஞ்சம் குனி” என்று தள்ளும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். இழுபடும் அளவை அறிபவர் நீட்டுபவர் மட்டுமே. தள்ளும் கைக்கு அது தெரியாது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரைப்படி, ஒரு தசைக்கு மொத்தம் 60 வினாடி வீதம் வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள் நீட்டினால் நெகிழ்வு கூடும். வகுப்பில் 20 வினாடி ஆகிவிட்டால், எஞ்சிய 40 வினாடியை மாலையில் விளையாடி வந்தபின் வீட்டில் செய்யலாம். மணி அடித்துவிட்டதால் வகுப்பில் செய்ய இயலாமற்போன நாளிலும் இதுவே வழி. ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

வளரும் பருவத்தில் கூடுதல் கவனம்

பெண் குழந்தைகள் ஏறத்தாழ 11, 12 வயதிலும், ஆண் குழந்தைகள் 13, 14 வயதிலும் மிக விரைவாக உயரம் கூடுகின்றனர். அக்காலத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாணும் சற்றுப் பின்தங்குவதால் கால் தசைகள் இறுக்கமாகத் தோன்றும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். சென்ற ஆண்டு எளிதாகக் கால்விரலைத் தொட்ட பிள்ளை இவ்வாண்டு தொட முடியாமல் திணறலாம். அது சோம்பல் அன்று. வளர்ச்சியின் ஒரு கட்டம்.

இப்பருவத்தில் தசைநாண் எலும்போடு இணையும் இடம் இன்னும் முதிராத குருத்தெலும்பாக இருக்கும். உடலின் மிக மெலிந்த கண்ணி அதுவே. ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்புறத்திலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலோ தொடர்ந்து வலி வருவது பெரும்பாலும் இதனால்தான். இவை ஓய்வு, விளையாட்டு அளவைக் குறைத்தல், முறையான நீட்சி மற்றும் வலுவூட்டல் ஆகியவற்றால் குணமாகக் கூடியவை. வலியைப் பொறுத்துக்கொண்டு வலிந்து நீட்டினால் வலி கூடவே செய்யும்.

அரிதாக, முழு வேகத்தில் ஓடும்போதோ உதைக்கும்போதோ, தசை தான் பற்றியிருக்கும் எலும்புத் துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பிட்டத்தில் அல்லது இடுப்பின் முன்புறத்தில் ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, நடக்க முடியாமல் விழுந்த வளரிளம் பருவத்தினரைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து இழுத்துவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

சிகிச்சையில் உள்ள பிள்ளைகளுக்கு

மேலே கூறியது பொது விதி. சில பிள்ளைகளுக்கு அதில் மாற்றம் தேவை.

தசை கிழிந்து ஆறிவரும் பிள்ளை: முதல் சில நாட்களில் அத்தசையை வலிந்து நீட்டுவது ஆறத் தொடங்கிய இழைகளை மீண்டும் பிரிக்கலாம். எப்போது நீட்டலாம், எவ்வளவு நீட்டலாம் என்பதை இயன்முறை சிகிச்சையாளர் கூறும் வரை காத்திருக்க வேண்டும்.

மாவுக்கட்டுப் பிரித்த பிள்ளை: பல வாரம் அசையாதிருந்த மூட்டு இறுகியிருக்கும், தசை மெலிந்திருக்கும். வகுப்பில் மற்றவரோடு போட்டியிட்டு நீட்டாமல், மருத்துவமனையில் கற்றுக்கொடுத்த பயிற்சியை மட்டும் செய்யட்டும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளை: படிப்படியாக உடலைச் சூடேற்றுவது ஓட்டத்தால் வரும் மூச்சிறுக்கத்தைக் குறைக்க உதவும். ஆகவே முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. ஓடும் முன் இன்ஹேலர் எடுக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால் அதையும் மறவாதீர்கள். இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இருந்தால் பயனில்லை. மைதானத்தில் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் பிள்ளை: பிறர் வியக்கும் அளவுக்கு உடல் வளைவது எப்போதும் ஆரோக்கியத்தின் அடையாளம் ஆகாது. இவர்களுக்குக் கூடுதல் நீட்சியைவிட வலுவூட்டும் பயிற்சியே தேவை. மூட்டை அதன் எல்லை வரை கொண்டுசென்று தொங்கவிடக் கூடாது.

சிறார் மூட்டுவாதம் உள்ள பிள்ளை: காலையில் மூட்டு இறுக்கம் மிகுந்திருக்கும். உடற்கல்வி வகுப்பு முதல் பாடவேளையாக இருந்தால் சூடேற்றும் நேரத்தைக் கூட்டித் தர வேண்டும்.

ஹீமோபிலியா உள்ள பிள்ளை: வலிந்த நீட்சி தசைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். இரத்தவியல் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே பயிற்சி.

டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளை: சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் உறுதியற்று இருக்கும். மருத்துவர் பரிசோதித்துக் கூறும் வரை, கழுத்தை முழுவதுமாக வளைக்கும் நீட்சியும் குட்டிக்கரணமும் தவிர்க்கப்பட வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு கடிதம்

சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்றை எங்களிடம் கேட்டுப் பெறலாம். எந்த உறுப்பில் என்ன காயம், எந்த அசைவு கூடாது, எந்தப் பயிற்சி செய்யலாம், எந்தத் தேதி முதல் முழு வேகத்தில் ஓடலாம், வலித்தால் என்ன செய்வது ஆகிய ஐந்தும் அதில் இருக்கும். ‘விளையாடக் கூடாது’ என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தால் பிள்ளை மாதக்கணக்கில் மரத்தடியில் அமர்ந்திருக்க நேரிடும். தசை மேலும் மெலியும்; ஆர்வமும் குன்றும். செய்யக் கூடியவற்றை எழுதித் தந்தால் ஆசிரியரும் அச்சமின்றிப் பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொள்வார்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோகாசன வகுப்பு நாளில் என்ன செய்வது?
ஆசனங்கள் பலவும் நிலைத்த நீட்சிகளே. ஐந்து நிமிடம் நடை, கைகால் அசைவு ஆகியவற்றுக்குப் பின் எளிய ஆசனத்திலிருந்து கடினமானதற்குச் செல்வது நலம்.

நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கு முன்பே நீட்ட வேண்டாமா?
அவற்றுக்கு மூட்டுகளின் முழு வீச்சு தேவை. உடலைச் சூடேற்றிய பின் ஒவ்வொரு தசையையும் 30 வினாடிக்குள் நீட்டி, அதன்பின் அசைவு நீட்சிகளைச் செய்து தொடங்கலாம்.

உடல்தகுதித் தேர்வில் அமர்ந்து கால்விரல் நோக்கிக் கை நீட்டும் சோதனை உள்ளதே?
கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டில் இச்சோதனை இடம்பெறுகிறது. சோதனைக்கு முன் உடலைச் சூடேற்றிக்கொண்டு, துள்ளாமல் மெல்ல எட்ட வேண்டும். கை கால் நீள வேறுபாட்டாலும் அளவு மாறும் என்பதால், பிள்ளையைப் பிறரோடு ஒப்பிடாமல் அவருடைய சென்ற முறை அளவோடு ஒப்பிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

வலியால் நொண்டி நடத்தல், மூட்டில் வீக்கம், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலியோடு காய்ச்சல், ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனைக்கு வாருங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அன்றே வாருங்கள். அதுவரை பயிற்சியை நிறுத்தி வையுங்கள். இவை நீட்சியால் சரிசெய்யத் தக்கவை அல்ல.

உங்கள் பிள்ளை இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும், உடற்கல்வி வகுப்பில் முதலில் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஓடினோம், கடைசியில் நீட்டினோம் என்று விடை வந்தால் மகிழுங்கள். வேறு விடை வந்தால் இவ்விதழை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்து அன்போடு பேசுங்கள். பயிற்சிகளைச் செய்து காட்டவோ கடிதம் எழுதித் தரவோ இயன்முறை சிகிச்சைப் பிரிவில் நாங்கள் காத்திருக்கிறோம். பிள்ளையின் மருத்துவக் குறிப்பேட்டை மறவாமல் எடுத்து வாருங்கள்.